நான்கு பால் மாவுப் பெட்டிகளும் ஆறு துணிகளும்: பென்னாகரம் வட்டத்தில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு உதவிய நிகழ்வின் பதிவு

கைக்குழந்தை உள்ள ஏழைக் குடும்பங்களுக்குத் துணிமணி, சோப்பு, போர்வை போன்ற அடிப்படைப் பொருட்களைக் கொடுத்துவரும் ஒரு சிறு தன்னார்வக் குழு, தருமபுரி மாவட்டத்தில் கையாண்ட ஒரு நிகழ்வு இது. குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. பெயர், ஊர், அடையாளம் எதுவும் தரப்படவில்லை. நாள் கணக்கெல்லாம் குழந்தை பிறந்த நாளிலிருந்து எண்ணப்பட்டவை.

பின்னணி

பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது புதிதல்ல. இந்தக் குடும்பமும் அப்படிப் போனதுதான். கணவர் சென்ட்ரிங் வேலை. மனைவிக்கு வயது 22, ஏழாம் மாதம் வரை சித்தாள் வேலை பார்த்தவர். மூத்தது மூன்று வயதுப் பையன். இரண்டாவது, பெண் குழந்தை, 36 வாரத்திலேயே பெங்களூரில் ஓர் அரசு மருத்துவமனையில் பிறந்தது. பிறப்பு எடை 2.1 கிலோ. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே என்றாலே எடை குறைந்த குழந்தை. மாதமும் சற்றுக் குறைவு என்பதால் பால் குடிக்கும்போதே தூங்கிப் போகும், எழுப்பி எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

எட்டாம் நாள் கணவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. பச்சை உடம்புக்காரி ஆஸ்பத்திரிக்கும் வேலையிடத்துக் கொட்டகைக்குமாக அலைந்தார். அந்த நாலைந்து நாட்கள் குழந்தை பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் இருந்தது. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், குடும்பம் மொத்தமும் மனைவியின் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் மார்பு தளர்ந்து, பால் ஏறக்குறைய நின்றுவிட்டது. பாட்டியின் தீர்ப்பு: "பால் வத்திப் போச்சு, இனி வராது."

தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளுக்கு உரிய பதிவு எண் இவரிடம் இல்லை. கர்நாடகத்தில் கொடுத்த தாய் அட்டை மட்டுமே இருந்தது. எனவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் அதன் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் பிரசவமாகியிருந்தால் 16 பொருட்கள் கொண்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கிடைத்திருக்கும். அதுவும் இல்லை. வேலைக்காக மாநில எல்லை தாண்டும் குடும்பங்களுக்கு இரண்டு பக்கமும் விட்டுப்போகும் இந்த இடைவெளி, உதவி செய்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஊர் வந்த அன்றே, நல்ல மனம் படைத்த ஒருவர் தீபாவளி உதவியாக 400 கிராம் பால் மாவுப் பெட்டி நான்கும், பால்புட்டி இரண்டும் வாங்கிக் கொடுத்தார். குடும்பம் நெகிழ்ந்து வாங்கிக்கொண்டது. அவர் செய்தது இரக்கத்தால்தான். அதை மறந்துவிட்டு இந்தப் பதிவை யாரும் படிக்கக் கூடாது.

வந்த கோரிக்கை

24-ஆம் நாள் அங்கன்வாடிப் பணியாளர் வழியாகக் குழுவுக்குத் தகவல் வந்தது. "பால் டின் இன்னும் கொஞ்சம் வேணும். இருக்கிறது தீந்துடும்னு பயப்படுறாங்க." குழுவின் வழக்கமான பையைத் தயார் செய்து 26-ஆம் நாள் போனார்கள். பையில் இருந்தவை: 0–3 மாத அளவில் சட்டை 4, நாப்கின் துணி 6, டவல் 2, கம்பளித் தொப்பி 1, காலுறை 2 ஜோடி, போர்வை 1, குழந்தை சோப்பு 2, பவுடர் 1, குடை போல் விரியும் கொசுவலை 1.

இங்கேயே முதல் தவறு நடந்தது. தகவல் வந்ததற்கும் போனதற்கும் நடுவே இரண்டு நாள். எடை என்ன, கடைசியாக எப்போது பால் குடித்தது, உடம்பு சூடாக இருக்கிறதா என்று தொலைபேசியில் ஒரு கேள்வியாவது கேட்டிருந்தால் அந்த இரண்டு நாள் வீணாகியிருக்காது.

வீட்டில் கண்டவை

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒற்றை அறை, விறகடுப்பு. வெளியே ஐப்பசி மழை. குழந்தை தூளியில் கிடந்தது. மேலே இரண்டு சேலைத் துணி போர்த்தியிருந்தும் உள்ளங்காலும் வயிறும் சில்லென்று இருந்தன. அக்குளில் வைத்த வெப்பமானி 35.8 செல்சியஸ் காட்டியது. இருக்க வேண்டியது 36.5 முதல் 37.5 வரை. கால் மட்டும் குளிர்ந்திருந்தால் போர்த்திப் பார்க்கலாம். வயிறும் குளிர்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது.

தொங்கு தராசில் எடை 2.15 கிலோ. பிறந்தபின் முதல் சில நாட்கள் எடை இறங்கும், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும், பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். இந்தக் கணக்கில் 26-ஆம் நாளுக்குச் சுமார் 2.4 கிலோவை எட்டியிருக்க வேண்டிய குழந்தை, பிறந்ததைவிட 50 கிராம்தான் கூடியிருந்தது.

"நல்லாத்தான் குடிக்குது. நாளைக்குப் பத்துப் பன்னெண்டு தடவ ஒண்ணுக்குப் போகுது" என்றார் பாட்டி. அது உண்மைதான். குழப்பமும் அங்கேதான் இருந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதும் என்று சொல்வது வழக்கம். புட்டியில் நீர்த்த பால் குடிக்கும் குழந்தைக்கு அந்த அளவுகோல் உதவாது. தண்ணீர் உள்ளே போனால் சிறுநீர் வரும், எடை வராது.

பால் எப்படிக் கலக்குகிறீர்கள் என்று கேட்டதற்குத் தாய் செய்தே காட்டினார். புட்டியில் 90 மி.லி. கோடு வரை தண்ணீர், அதில் தலை தட்டிய ஒரு கரண்டி மாவு. பெட்டியில் போட்டிருப்பது 30 மி.லி.க்கு ஒரு கரண்டி. எழுத்து ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. படித்திருந்தாலும் இப்படித்தான் கலந்திருப்பார். "டின்னு சீக்கிரம் தீந்துட்டா அப்புறம் எங்க போறது" என்றார். பால் இருக்க வேண்டிய அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது.

முதல் பெட்டியில் 14 நாளில் சுமார் 300 கிராம் செலவாகியிருந்தது, அதாவது நாளுக்கு 21 கிராம். இந்த எடைக்கு நாளுக்கு ஒரு கிலோவுக்கு 150 மி.லி. என்று வைத்தால் 320 மி.லி. பால் வேண்டும், அதற்கு ஏறக்குறைய 43 கிராம் மாவு. பாதிதான் கிடைத்திருக்கிறது.

தண்ணீர் இன்னொரு கவலை. தெருக் குழாயில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அது தீர்ந்தால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையும்போது அதன் அடர்த்தி கூடவே செய்யும். தாய்ப்பாலில் புளோரைடு மிகமிகக் குறைவு, தாய் குடிக்கும் தண்ணீரில் அது அதிகமாக இருந்தாலும் பாலுக்குப் பெரிதாக வராது. பால் மாவை நம்பும் குழந்தைக்கோ குடிக்கும் ஒவ்வொரு துளியும் ஊர்த் தண்ணீர்தான். நம் பக்கத்தில் பால் மாவு தானம் செய்ய நினைக்கிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புட்டியின் நிப்பிள் உட்பக்கம் வெள்ளையாகப் படிந்து வழுவழுத்தது. வீட்டில் அதற்கான பிரஷ் இல்லை.

அன்று எடுத்த முடிவு

பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, பொருட்களைப் பற்றி எதுவும் பேசாமல், முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொன்னார்கள். 108-க்கு அழைத்தார்கள். வண்டி வரும்வரை குழந்தையின் சட்டையைக் கழற்றி, தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும் விட்டு, தாயின் மார்பில் தோலோடு தோல் படச் செங்குத்தாக வைத்து, மேலே சேலையைச் சுற்றிக் கட்டி, போர்வை போர்த்தினார்கள். வெந்நீர்ப் பாட்டில் வைக்கலாமா என்று பாட்டி கேட்டார். வேண்டாம் என்று சொல்லப்பட்டது. பச்சிளம் தோல் எளிதில் வெந்துபோகும். தாயின் உடம்பைப் போல் சீராக வேறு எதுவும் சூடு தராது.

மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்த்தார்கள். குளிர்ந்த உடம்பு, போதிய பால் இல்லாமை, நோய்த்தொற்றுச் சந்தேகம். ஏழு நாள் சிகிச்சை.

அந்த ஏழு நாளில் குழுவின் பை எதற்கும் பயன்படவில்லை. உள்ளே இருக்கும் குழந்தைக்கு வேண்டியதை மருத்துவமனை பார்த்துக்கொண்டது. வெளியே இருந்த தாய்க்குத்தான் ஒன்றுமில்லை. படுக்கப் பாய், போர்வை, முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, உதிரப்போக்குக்குப் பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட், வெந்நீருக்குப் பிளாஸ்க், மூடியுள்ள டம்ளர், தட்டு. இவற்றை இரண்டாம் நாள்தான் யோசித்து வாங்கிப் போனார்கள்.

பால் மாவைப் பற்றிய முடிவு

மருத்துவர் சொன்னது தெளிவாக இருந்தது: பால் மறுபடி சுரக்க வைக்கலாம், தாய்க்கும் விருப்பம் இருக்கிறது. அதுவரை குறையும் அளவுக்கு மட்டும் சரியான விகிதத்தில் கலந்த மாவுப் பால், புட்டியில் அல்லாமல் பாலாடையில் (பால் புகட்டும் சங்கு).

குழுவுக்குள் இங்கே விவாதம் எழுந்தது. தேவை உண்மையானது, மருத்துவரே சொல்லியிருக்கிறார், இரண்டு பெட்டி வாங்கிக் கொடுத்தால் என்ன என்றனர் சிலர். 1992-இல் இயற்றி 2003-இல் திருத்தப்பட்ட குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஆதரவற்றோர் இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் பால் மாவையோ பால்புட்டியையோ நன்கொடையாகக் கொடுக்கக் கூடாது என்கிறது. கம்பெனிகளுக்கு மட்டுமான தடை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது 'எவரும்' என்றுதான்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவராது. பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை மாவுப் பாலிலேயே வளர்க்க 400 கிராம் பெட்டி முப்பதுக்கு மேல் வேண்டும். தானம் வந்த நான்கும், சரியாகக் கலந்தால், ஒரு மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். அந்த ஒரு மாதத்தில் மார்பு முழுவதும் வற்றிவிடும். ஐந்தாவது பெட்டியை வாங்க முடியாத வீட்டுக்கு முதல் நான்கைக் கொடுப்பது, பாதி ஆற்றில் இறக்கிவிடுவது போல.

முடிவில் செய்தது இது. உடைக்காத மூன்று பெட்டிகளில் ஒன்றை, மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவின்படி குடும்பமே பயன்படுத்தியது. முதல் பெட்டியில் மிச்சமிருந்ததை வீசிவிட்டார்கள், திறந்த பெட்டியில் ஈரக் கரண்டி போட்டு மாவு கட்டிதட்டியிருந்தது. இன்னொன்று பின்னால் தேவைப்பட்டது. நான்காவதைக் கொடுத்தவரிடமே திருப்பி, நடந்ததை விளக்கினார்கள். அவர் முதலில் மனம் வருந்தினார். பிறகு அதை மருந்துக்கடையில் கொடுத்து, கிடைத்த பணத்தோடு தன் பணமும் சேர்த்து, தாய்க்கு மாதம் 30 முட்டை என்று மூன்று மாதம் கொடுத்தார். குழு தன் பணத்தில் பால் மாவு எதுவும் வாங்கவில்லை.

பாலை மீட்டது

வீடு திரும்பிய 33-ஆம் நாள் எடை 2.24 கிலோ. அன்று தாய்க்குச் சுரந்தது பீய்ச்சி அளந்ததில் நாளுக்கு 80 மி.லி. அளவு. மாவுப் பால் நாளுக்கு 250 மி.லி. கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கிராம சுகாதார செவிலியர் வாரம் ஒருமுறை வந்து எடை பார்த்தார். குழுவில் பயிற்சி பெற்ற ஒரு பெண் முதல் பத்து நாளும் தினம் ஒரு வேளை கூட இருந்தார்.

முறை எளிது, செய்வது கடினம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், நாளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு தடவை முதலில் மார்பில் போட வேண்டும். இரண்டு பக்கமும் சப்பக் கொடுத்த பிறகே பாலாடை. குழந்தை சப்ப மறுத்து அழுதால், பீய்ச்சிய பாலைச் சொட்டுச் சொட்டாக மார்பின் மேலிருந்து காம்பு வழியே வாய்க்குள் வழிய விட்டார்கள். சப்பினால் பால் வருகிறது என்று குழந்தை நம்ப வேண்டும். புட்டிக்குப் பழகிய வாய் அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டது. அந்த நான்கு நாளில்தான் பெரும்பாலான வீடுகளில் முயற்சி கைவிடப்படுகிறது.

பாலாடையை நம் பாட்டிமாருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சங்கு என்று சொன்னதும் பாட்டி முகம் மாறியது. எவர்சில்வர் பாலாடை இரண்டு, தினம் ஒருமுறை பத்து நிமிடம் கொதிக்கும் நீரில். குழந்தையைத் தலை உயர்த்தி மடியில் வைத்து, நுனியைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, அதுவாக நக்கி விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். வாயில் ஊற்றக் கூடாது, புரையேறும். புட்டிகளை முதல் நாளே பறிக்கவில்லை. பாலாடை கைக்கு வந்த மூன்றாம் நாள் தாயே எடுத்துக் கொடுத்தார்.

மாவுப் பாலைக் குறைத்த விதம்: மொத்த அளவில் நாளுக்கு 50 மி.லி. குறைத்து, சில நாள் அதே அளவில் நிறுத்தி, எடையைப் பார்ப்பது. வாரத்தில் 125 கிராமாவது ஏறினால் அடுத்த 50 குறைக்கலாம். ஏறவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டும். 36-ஆம் நாள் 200-க்குக் குறைத்தார்கள். 40-ஆம் நாள் எடை 2.35 கிலோ, அந்த வாரம் 110 கிராம்தான். எனவே குறைக்காமல் நிறுத்தினார்கள். 47-ஆம் நாள் 2.50 வந்தது. அன்று 150, 51-ஆம் நாள் 100, 54-ஆம் நாள் எடை 2.66 பார்த்து 50. 58-ஆம் நாளோடு மாவுப் பால் நின்றது. 61-ஆம் நாள் எடை 2.84 கிலோ, தாய்ப்பாலில் மட்டும். வீட்டுக்கு வந்தபின் செலவான மாவு அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

தோலோடு தோல் வைப்பதில் யாரும் எதிர்பாராத உதவி கணவரிடமிருந்து வந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், பகலில் மூன்று நான்கு மணி நேரம் குழந்தையைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் தாய் தூங்கினார்.

தாயின் சாப்பாடு

பால் சுரக்க வைக்கும் பெண்ணுக்கு வழக்கத்தைவிட நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். இவருக்குக் கிடைத்ததோ பத்தியச் சோறு இரண்டு வேளை. "தண்ணி நெறைய குடிச்சா புள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்பதால் தண்ணீரும் அளவாக. பத்தியமே தவறு என்று வாதாடினால் பாட்டி விலகிப் போவார், வேலை கெடும். எனவே பத்தியத்துக்குள்ளேயே இருக்கும் நல்லதைக் கூட்டினார்கள். பூண்டு, முருங்கைக்கீரை, கருவாடு, கேழ்வரகு எல்லாம் பாட்டியே ஏற்றவை. தண்ணீருக்குப் பதில் சீரகம் போட்ட வெந்நீர், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர். அதற்கு மறுப்பு இல்லை.

மாதத்துக்குக் கொடுத்த பொருட்கள்: கேழ்வரகு மாவு 5 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ, வேர்க்கடலை 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, கடலை எண்ணெய் 1 லிட்டர், பூண்டு அரைக் கிலோ. முட்டை மேலே சொன்னது. அங்கன்வாடியில் பாலூட்டும் தாயாகப் பதிந்து சத்துமாவும் வரத் தொடங்கியது. பதிவு வேறு மாநிலத்தில் இருந்தாலும் அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வார்கள். இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. ஆறாம் வாரத் தடுப்பூசியும் கர்நாடக அட்டையைக் காட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடப்பட்டது.

பொருட்களைக் கொடுத்த முதல் மாதம் மூத்த பையனும் கணவரும் அதில் பாதியைச் சாப்பிட்டார்கள். அது இயல்பு. ஒற்றை உலையில் ஒருத்திக்கு மட்டும் தனிச் சோறு எந்த வீட்டிலும் வேகாது. இரண்டாம் மாதம் வீட்டுக்கே போதும் அளவு கூட்டிக் கொடுத்தார்கள்.

துணிக் கணக்கு

பையில் வைத்த ஆறு துணி எதற்கும் போதவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஐந்தாம் நாள் குழந்தையின் தொடையிடுக்கில் புண். காரணம் எளிய கணக்கில் இருந்தது. நாளுக்குப் பன்னிரண்டு துணி நனையும். கார்த்திகை அடைமழையில் ஒரு துணி காய இரண்டு நாள் ஆகும். நனைந்தது, காய்வது, மடித்து வைத்தது என்று மூன்று நாளுக்கு 36 துணி இருந்தால்தான் சுழற்சி நடக்கும். ஆறு துணியோடு இருந்த தாய், அரைகுறையாகக் காய்ந்ததை அடுப்பருகே வாட்டிக் கட்டியிருக்கிறார். புகையும் ஈரமும் சேர்ந்து தோல் வெந்துபோனது. பையிலிருந்த இரண்டு டவலில் ஒன்று, அவர்கள் மருத்துவமனையில் இருந்த வாரத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தது.

புதுத் துணி வாங்குவதைவிடப் பழைய வேட்டி மேல். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன நான்கு முழ வேட்டி ஒன்றை 45 × 60 செ.மீ. அளவில் வெட்டினால் எட்டுத் துண்டு வரும். ஐந்து வேட்டியில் நாற்பது. கரையை வெட்டி எடுத்துவிட வேண்டும், ஜரிகை உறுத்தும். தானமாக வந்ததைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தார்கள். துணி காயப் போட நைலான் கயிறு எட்டு மீட்டர், கிளிப் இரண்டு டஜன், கூரைக்குக் கீழே கட்ட ஆணி. இந்தக் கயிறும் கிளிப்பும் மிகச் சிறிய செலவு. தாய் பிறகு சொன்னது, எல்லாவற்றிலும் அதுதான் அதிகம் உதவியது என்று. துவைக்க மஞ்சள் பார் சோப்பு மாதம் நான்கு. சோப்பு போக இரண்டு முறை அலச வேண்டும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவமும் கிருமிநாசினியும் வேண்டாம், தோலில் தங்கி எரிச்சல் தரும்.

புண் தேங்காய் எண்ணெயும் காற்றும் பட்டு ஆறு நாளில் ஆறியது.

0–3 மாதச் சட்டைகள் இரண்டு கிலோ குழந்தைக்குக் கழுத்து வழியே நழுவின. அவற்றை மூன்றாம் மாதத்தில்தான் போட முடிந்தது. பவுடரை எடுத்துவிட்டார்கள். தூள் மூச்சில் போகும், பலன் ஏதும் இல்லை. கொசுவலை மட்டும் பையிலிருந்து முதல் நாள் முதலே பயன்பட்டது.

பின்னர்

ஆறு மாதம் முடியும்வரை குழந்தை தாய்ப்பாலில் மட்டும் வளர்ந்தது. ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுப் பாலைக் காய்ச்சிய கூழ், கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாத பதத்தில், நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு மூன்று மேசைக்கரண்டி என்று தொடங்கினார்கள். கேழ்வரகை ஊற வைத்து, முளை கட்டி, அரைத்துப் பாலெடுப்பது பாட்டிக்குக் கைவந்த வேலை. கணவர் ஐந்தாம் மாதம் நடந்தார். குடும்பம் பெங்களூருக்குத் திரும்பவில்லை.

குழுவின் செலவு: தாய்க்கு உணவு இரண்டு மாதம் 3,900 ரூபாய், மருத்துவமனையில் இருந்தபோது வாங்கிய பொருட்கள் 1,150, போக்குவரத்து 600, துணி சார்ந்தவை 450. ஆக 6,100. தாயும் பாட்டியும் மறுபரிசோதனைக்கு வந்தது பெண்களுக்குக் கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் என்பதால் போக்குவரத்து குறைந்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முட்டைக்குப் பணம் கொடுத்தவரின் நண்பர் ஒருவர், பொருள் வழங்கும்போது தாயையும் குழந்தையையும் வைத்துப் படம் எடுக்கக் கேட்டார். மறுக்கப்பட்டது. அந்த நண்பரின் உதவி நின்றது. அந்த முடிவில் குழுவுக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

மாற்றிக்கொண்டவை

தொலைபேசியில் கோரிக்கை வரும்போது இப்போது முதலில் கேட்பவை: பிறந்த எடை, கடைசி எடை, நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை என்ன குடித்தது, எப்படிக் கலந்தீர்கள், வயிற்றைத் தொட்டால் சூடாக இருக்கிறதா. குளிர்ந்த வயிறு, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாதது, மூச்சு வாங்குவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பை பிறகு, 108 முதலில்.

பால் மாவு கேட்டு வந்தால் மறுத்துவிட்டுப் போவதில்லை. அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் பேசி, தாயால் பாலூட்ட முடியுமா என்று பார்க்கிறார்கள். தாய் இல்லாத குழந்தை, பாலூட்டக் கூடாத மருந்தைத் தாய் எடுத்துக்கொள்வது என்று உண்மையாகவே மாவுப் பால் தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. அங்கே மருத்துவர் சொல்லும் வழியில் குடும்பமே வாங்குகிறது. அந்தச் செலவைத் தாங்கும்படி வீட்டின் அரிசி, பருப்பு, எண்ணெய்ச் செலவைக் குழு ஏற்கிறது. கலக்கும் முறையைத் தமிழில் எழுதிய அட்டையைப் பெட்டியிலேயே ஒட்டித் தருகிறார்கள்: 30 மி.லி.க்கு ஒரு கரண்டி, தலை தட்டியது, தண்ணீர் முதலில், மாவு பிறகு, கொதிக்க வைத்த குழாய்த் தண்ணீர் மட்டும், போர் தண்ணீர் வேண்டாம்.

பை இரண்டாகப் பிரிந்துவிட்டது. தாய்க்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. குழந்தைப் பையில் சட்டை இரண்டாகக் குறைந்தது, துணி 36 ஆனது, மழைக்காலமில்லாத மாதங்களில் 24. கயிறும் கிளிப்பும் சேர்ந்தன, பவுடர் போயிற்று. பையை யார் கையில் கொடுப்பது என்பதும் மாறியது. வீட்டில் துணி துவைக்கிறவர் கையில், அவர் முன்னால் எண்ணிக் கொடுக்கிறார்கள். இந்த வீட்டில் அது பாட்டி.

மூன்றாம் மாதம் பாட்டி 36 துணியில் 30-ஐத் துவைத்துக் கட்டித் திருப்பிக் கொடுத்தார். ஆறு கிழிந்துவிட்டதாம். அந்த முப்பதும் பத்து நிமிடம் கொதித்து, வெயிலில் காய்ந்து, தை மாதம் பாலக்கோடு பக்கம் இன்னொரு வீட்டுக்குப் போயின.